கீழ்வீட்டுக்காரியின் கைபேசி

1

இந்தக் கதை என்னுடையதல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கீழ்வீட்டில் குடியிருக்கும் தீயணைப்பு வீரரின் மனைவியிடமிருந்து, அவளைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டது. கணவர் பணியில் இருக்கும் நாட்களில் அவள் கைபேசியைக் கீழே வைக்கமாட்டாள். குளிக்கப் போனாலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளே எடுத்துப்போவாள்.

அன்று காலை அவளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. கன்னம் வீங்கி, வாயைத் திறக்கவே சிரமப்பட்டாள். அதே காலை ஊருக்கு வெளியே ஒரு பெயிண்ட் கிடங்கு பற்றி எரிந்தது. அவர் அங்கே இருந்தார். இவளுக்குத் துணையாக நான் போனேன். பல் மருத்துவரின் அறைக்குள் கைபேசி கூடாது என்றார்கள்.

"அக்கா, இதை வச்சுக்கோங்க. அடிச்சா எடுங்க. எதுவா இருந்தாலும் உடனே கதவைத் தட்டிடணும்."

"தட்டறேன். நீ போ."

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "கரும்புகை வானத்தை விழுங்கிக்கொண்டிருந்தபோது, அந்த வீராங்கனை..."

நிறுத்திவிட்டேன். புகையை நான் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் நீல நாற்காலிகளும், சுவரில் ஒரு பெரிய பல்லின் குறுக்குவெட்டுப் படமும்தான். அவள் வீராங்கனையும் இல்லை. குழாய் ஒழுகுவதைச் சரிபண்ணாமல் டியூட்டிக்குக் கிளம்பிய மனிதரை முந்தின நாள்தான் தெருவே கேட்கும்படி திட்டினாள். [இதை எழுதலாமா? எழுதிவிட்டேன்.]

(ஓர் இடைக்குறிப்பு: தீக்குள் போகிறவருக்கு உடை, தலைக்கவசம், முகமூடி எல்லாம் கொடுக்கிறார்கள். வீட்டில் இருப்பவளுக்குக் கொடுக்க நம்மிடம் "தைரியமா இரும்மா" தவிர என்ன...)

எனக்குச் சந்தேகமெல்லாம் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் அந்த அக்காவின் மேல், அதாவது என் மேல்தான்.

3

அடித்தது. திரையில் 'ஸ்டேஷன்'.

"நான் மேல்வீட்டுக்காரி. அவங்க பல் எடுக்க உள்ள போயிருக்காங்க."

நிலைய அதிகாரி தயங்கினார். "கிடங்குக் கூரை ஒரு பக்கம் இறங்கிடுச்சும்மா. உள்ள நாலு பேர் இருந்தாங்க, அவரும்தான். மூணு பேர் வெளிய வந்துட்டதா தகவல். யார் யாருன்னு இன்னும் தெரியல. டிவியில பாத்துப் பதறக் கூடாதுன்னுதான் சொல்றோம். நீங்க அவங்க கூடவே இருங்க."

மூன்று. நாலில் மூன்று.

கதவருகே போனேன். உள்ளே இயந்திரம் கிர்ரென்று சுற்றியது. கையை ஓங்கினேன். பாதியில் எழுந்து ஓடிவந்தால் என்ன ஆகும்? என்னவென்று சொல்வேன்? எண்ணிக்கைதானே இருக்கிறது, பெயர் இல்லையே?

கை இறங்கிவிட்டது.

["அவள் மேலிருந்த அன்பினால் தட்டவில்லை" என்று முதலில் எழுதியிருந்தேன். பொய். பயம். அவள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.]

4

வாயில் பஞ்சோடு வந்தாள். பேச முடியாமல், புருவத்தை உயர்த்திக் கைபேசியைக் காட்டினாள்.

"யாரும் அடிக்கலம்மா" என்றேன்.

கதை எழுதுகிறவளுக்கு அது எவ்வளவு சுலபமாக வந்தது!

பஸ் நிறுத்தத்தில் மறுபடி அடித்தது. அவளே எடுத்தாள். கணவர்தான். கரகரத்த குரல் எனக்கும் கேட்டது.

"ஒண்ணுமில்ல, புகை கொஞ்சம் உள்ள போயிடுச்சு. நாலு பேரும் வந்துட்டோம். ஸ்டேஷன்ல சொன்னாங்கல்ல?"

பஞ்சைக் கடித்தபடி அழுதாள். பிறகு அழைப்புப் பட்டியலைத் திறந்தாள். பதினொன்று ஏழு, ஸ்டேஷன். நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். வீடு வரும்வரை அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

5

முடிவு அ: அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, சொல்லாம விட்டீங்க" என்கிறாள்.

முடிவு ஆ: அவள் அதன்பின் என்னோடு பேசவே இல்லை.

இரண்டும் எனக்கு வசதியானவை. ஒன்றில் மன்னிப்பு கிடைத்துவிடுகிறது, மற்றதில் தண்டனை. இரண்டையும் அடித்துவிட்டேன்.

நடந்தது இது. மூன்றாம் நாள் சாயங்காலம், வீக்கம் வடிந்த முகத்தோடு படியேறி வந்தாள்.

"பத்து வருஷமா பயந்துக்கிட்டேதான் அக்கா குடும்பம் நடத்தறேன். அது எனக்குப் பழகிடுச்சு. தனியா பயப்படறதுதான் முடியல. அன்னிக்கு நீங்க என்கூட உக்காந்து பயந்திருக்கலாமே? ஏன் செய்யல?"

உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள். அவளுக்குப் பதில் வேண்டும்.

நான் என்ன சொன்னேன் என்பது இங்கே வரவேண்டும். இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். "உன் நல்லதுக்குத்தான்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அன்று வாசலில் நின்றவளிடம் நான் சொன்னது அதைத்தான்.