நன்னடத்தைச் சான்று

அமெரிக்காவின் ஒஹையோவில் வக்கீலாவதற்குச் சட்டம் படித்தால் மட்டும் போதாது. பட்டம் வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், குடியிருந்த வீடு, பார்த்த வேலை, வாங்கிய அபராதம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதித் தர வேண்டும். அதற்கும் மேலே, உள்ளூர் வக்கீல்கள் இரண்டு பேர் எதிரே உட்கார்ந்து, ஆள் யோக்கியம்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இருவரும் சரியென்றால்தான் ஜூலையில் பரீட்சை. யோக்கியத்தை அளக்க வக்கீல்களை வைத்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ட்ரெஸ்ஸா ஹோஃபர் பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி, மாலையில் சட்டம் படித்தவள். பரீட்சையில் தேறினால் அரசு வக்கீல் அலுவலகத்தில் வேலை தயார். அவளுக்கு வாய்த்த இருவர் லோவெல் ஸ்டக்கியும் மெர்ல் கிரிம்ஷாவும். பக்கத்துப் பக்கத்து வீடு. பதினைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஏனென்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கோர்ட் நூலகத்தில், நடுவே டோனட் பெட்டியை வேலி மாதிரி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள்.

"அவர் கேட்டு முடிச்சிட்டாரான்னு கேளும்மா," என்றார் ஸ்டக்கி.

"முடிச்சாச்சுன்னு சொல்லு," என்றார் கிரிம்ஷா.

ட்ரெஸ்ஸா இரண்டையும் ஒப்பித்தாள். இதுவும் பரீட்சையில் சேர்த்தியோ என்னவோ.

"கடைசியா ஒண்ணு. செஞ்சு மாட்டிக்காத தப்பு ஏதாவது இருக்கா?" ஸ்டக்கி வழக்கமாகக் கேட்பதுதான். எல்லோரும் இல்லை என்பார்கள். அவர் பேனா ஏற்கெனவே மூடியிருந்தது.

செய்ததை மன்னிப்பார்கள், மறைத்ததை மன்னிக்க மாட்டார்கள் என்று கல்லூரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ட்ரெஸ்ஸா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

"பதினேழு வயசுல சார், பிக்கப் வண்டில போய்க்கிட்டே பேஸ்பால் மட்டையால, வீட்டுக்கு வீடு ரோட்டோரமா நட்டிருக்கிற தபால் பெட்டிங்களை அடிச்சு ஒடைப்போம். மட்டை என் கையிலதான் இருந்துச்சு."

"இந்த ஊர்ல அதைச் செய்யாதவன் யாரு," என்றார் ஸ்டக்கி. "எந்த ரோடு?"

"மில் ரோடு."

பேனா திறந்தது. "மீன் மாதிரி செஞ்ச மரப்பெட்டி ஏதாவது இருந்துச்சா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, மில் ரோட்டில் குடியிருப்பவர்கள் இந்த இருவரும்தான் என்று. ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். பதினைந்து வருஷம் முந்தைய இருட்டில் நடந்ததை எந்தக் கோர்ட்டும் நம்பியிருக்கும்.

"இருந்துச்சு சார். ரெண்டே அடி."

"அந்த மீனை நானே செதுக்கினேன். ஒடைச்சது இவர்தான்னு இவர்மேல கேஸ் போட்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாம பணத்தைக் கட்டினாரு. செய்யாதவன் ஏன்யா கட்டணும்?" கடைசிக் கேள்வி நேராகக் கிரிம்ஷாவின் முகத்துக்கே போனது.

கிரிம்ஷா கையிலிருந்த டோனட்டைக் கீழே வைத்தார். "கோரிதான் செஞ்சான்னு நெனச்சேன்."

கோரி அவருடைய மகன். அந்த வருஷமே வீட்டை விட்டுப் போனவன், குடும்பமே கூடும் நன்றி நாள் விருந்துக்குக்கூட எட்டிப் பார்த்ததில்லை. ஊருக்கு இதற்கும் நாலு கதை இருந்தது.

கிரிம்ஷா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் முதுகு மட்டும் தெரிந்தது. ட்ரெஸ்ஸாவுக்கு அழுகை முட்டியது. ஜூலை போனால் போகட்டும், இந்த மனுஷனின் போனை மகன் எடுத்தால் போதும் என்று இருந்தது. ஸ்டக்கி அவள் பக்கமாக டோனட் பெட்டியைத் தள்ளினார்.

கிரிம்ஷா திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"என்ன சொன்னான் மெர்ல்?" என்றார் ஸ்டக்கி.

"'நான் செய்யலைன்னு அன்னிக்கே சொன்னேனேப்பா'ன்னான். போனை வெச்சிட்டான்."

கிரிம்ஷா ட்ரெஸ்ஸாவின் பக்கம் திரும்பினார். "இவ்வளவு நாளா ஏம்மா சொல்லல?"

"யாரும் கேக்கல சார்."

கிரிம்ஷா தாளை இழுத்து, உண்மை பேசுபவர் என்ற இடத்தில் 'ஆம்' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "நான் கேட்டேன். அவன் சொன்னான்," என்றார்.