கலைஞர் பெயர் தெரியவில்லை

கொழும்பு ஏழிலுள்ள ஓவியக் கூடத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்த சித்திர ரீச்சர் சரோஜினிதேவி, இரண்டாவது அறைச் சுவரில் தன் தங்கச்சியைக் கண்டாள். கிணற்றுக்கட்டில் இருந்தபடி ஈரத்தலையைக் கோதிக்கொண்டிருந்தாள் பாலேஸ்வரி. கீழே அட்டையில் 'பெண். கலைஞர் பெயர் தெரியவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அந்தப் படத்தைக் கீறியவள் சரோஜினிதேவிதான். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்தபோது, யாழ்ப்பாணத்துக் கோப்பாய் வீட்டுச் சுவரில் விட்டுவிட்டு வந்த படம். அந்த இடப்பெயர்வில், கிளிநொச்சியில் காய்ச்சல் கண்டு பாலேஸ்வரி செத்துப்போனாள். அவளுடைய ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை.

சுவரில் அந்தப் படத்தைக் கண்ட நாளிலிருந்து சரோஜினிதேவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளவத்தை வாடகை அறைக்கும் கடற்கரைத் தண்டவாளத்துக்குமாக நடந்தாள். வகுப்பில் கரும்பலகையில் ஒரு செவ்வரத்தம்பூவைத் தொடங்கி, இதழ் முடியாமலே சோக்கட்டியை வைத்துவிட்டாள். நாலாம் நாள் வழக்கறிஞர் கதிர்காமநாதனிடம் போனாள்.

"படத்தில கையெழுத்து இருக்கோ, ரீச்சர்?"

"இல்லை ஐயா. வீட்டுப் படம்தானே எண்டு போடேல்லை."

"களவு போனதெண்டு சத்தியக்கடதாசி முடிக்கவேணும். ஆர் எடுத்ததெண்டு கேப்பினம். வீடு இப்ப ஆரிட்ட?"

"ஆமியிட்ட. இப்ப அது இராணுவ முகாம்."

அவர் பேனையை மூடினார். "அதை எழுதினா ஒருத்தரும் படத்தைப் பற்றிக் கதைக்க மாட்டினம். உங்களைப் பற்றித்தான் கதைப்பினம். வடக்கில இருந்து வந்து, பொலிஸ் பதிவை வச்சுக்கொண்டு இஞ்ச இருக்கிற தமிழ் ஆள் நீங்கள்."

"எனக்கு அந்த முகம் வேணும், ஐயா."

"படம் ஆரிட்ட இருந்தாலும் அதைத் திரும்பக் கீறுற உரிமை சட்டப்படி உங்களுக்குத்தான்." ஆறுதலுக்குத்தான் அவர் சொன்னார். அவளுக்கோ, பார்க்காமல் கீற அந்த முகம் மனதில் முழுதாக வரவில்லையே என்று எரிந்தது.

நேரே ஓவியக் கூடத்துக்குப் போனாள். அதை நடத்திய சிங்களப் பெண்மணி கதவைச் சாத்திவிட்டு ஆங்கிலத்தில் மென்மையாகப் பேசினாள். சரோஜினிதேவி சொல்வதை அவள் நம்பினாள். ஆனால் ஒரு தரகரிடம் பற்றுச்சீட்டோடு வாங்கிய படம். அதற்குக் காசு கட்டிவிட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர் அன்று பின்னேரமே எடுத்துப்போக இருந்தார். அவள் ஒரு கடிதத்தைத் தட்டெழுதிக் கொண்டுவந்து வைத்தாள். 'இந்தப் படத்தை நான் மனமொப்பி விற்றேன்.' கையெழுத்திட்டால் அட்டையில் பெயர் ஏறும். படம் போகுமிடமெல்லாம் பெயரும் போகும்.

பெயர் ஏறினால், பாலேஸ்வரிக்கும் ஒரு பெயர் இருந்ததென்று எங்கோ ஒருவர் கேட்கக்கூடும். சரோஜினிதேவி பேனையை எடுத்தாள். 'மனமொப்பி' என்ற சொல்லில் கண் நின்றது. கதவைப் பூட்டக்கூட நேரமில்லாமல் வீட்டைவிட்டு இறங்கிய நாள் அது.

"நான் விக்கேல்லை" என்று தமிழில் சொன்னாள். பெண்மணிக்கு அது விளங்கவில்லை. பிறகு ஆங்கிலத்தில், படத்துக்கு முன்னால் தனக்கு ஒரு கதிரை போடும்படி கேட்டாள்.

பையிலிருந்து கொப்பியையும் பென்சிலையும் எடுத்தாள். கிணற்றுக்கட்டு வந்தது. கூந்தல் வந்தது. முகமும் வந்தது. கண்ணுக்குக் கீழே தானாக ஒரு மெல்லிய கோடு விழுந்தது. சுவரில் இருந்தவளுக்குப் பத்தொன்பது வயது. தாளில் இருந்தவள் கொஞ்சம் களைத்து, அக்காவைப் பார்ப்பவள்போல நிமிர்ந்திருந்தாள். அழிக்க எடுத்த அழிறப்பரைச் சரோஜினிதேவி மடியில் போட்டுக்கொண்டாள்.

பின்னால் இரண்டு வேலையாட்கள் சுவர்ப்படத்தைச் சுற்றிக்கட்டப் பழுப்புத் தாளை விரித்துப் பிடித்தபடி, அவள் எழும்பட்டும் என்று நின்றார்கள்.