ஒன்றரை மணிக் கதிர்

மருமகள் வேலை பார்த்த ஆய்வகம் புற்றுநோய் மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது. நோயாளியின் உடம்பில் கதிர் எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் பார்க்க அங்கே பலர் உண்டு. இவள் பார்த்தது ஒரே ஒரு செல்லுக்குள் எவ்வளவு விழுகிறது என்பதை. அதற்காகக் கோலிக்குண்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் உருண்டை வைத்திருந்தாள். உள்ளே இருக்கும் வாயு அவ்வளவு மெலிசு. அதைக் கடக்கும் கதிருக்கு ஒரு செல்லைக் கடந்ததுபோலத்தான் இருக்கும்.

அந்த உருண்டைதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. கதிர் எந்திரத்தை அணைத்துவிட்டால், உருண்டையோடு இணைத்த திரையில் கோடு படுத்துக் கிடக்க வேண்டும். ஆனால் தினமும் மதியம் ஒன்றரை மணியானால் எழுந்து குதிக்கும். இரண்டே கால் வரை ஆடித் தீர்த்துவிட்டு அடங்கும். லிஃப்டை நிறுத்திப் பார்த்தாள். ஏசியை அணைத்துப் பார்த்தாள். ம்ஹூம்.

துறைத்தலைவருக்கோ வாயெல்லாம் பல். "இதுவரைக்கும் யாரும் பார்க்காத கதிரா இருக்கலாம்மா" என்றார். கட்டுரைக்குத் தலைப்பே எழுதிவிட்டார், தன் பெயரை முதலில் போட்டு.

வியாழக்கிழமை மதியம் அவள் அந்த சிக்னலை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள். கர்ர்ர்ர்... ஒரு நிறுத்தம்... பிறகு மெல்லிய விசில். இந்தக் கதிரை அவள் நான்கு வருஷமாக வீட்டில், பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கதவைத் திறந்தாள். வெளியே பெஞ்சில் அவள் மாமனார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மருமகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்து, காலி டப்பாவுக்காகக் காத்திருப்பார். தலை ஆய்வகச் சுவரில் சாய்ந்திருந்தது. வாய் 'ஆ'வென்று திறந்திருந்தது. அதே சுவரின் உட்பக்கத்தில்தான் உருண்டை இருக்கும் மேசையைத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். அதிர்வு நேரே உள்ளே போயிருக்கிறது.

"மாமா!"

"டிக்கெட்டை எடுங்க" என்றபடி விழித்தார் மாமனார்.

விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நானா? குறட்டையா? முப்பத்தெட்டு வருஷமா உங்க அத்தை சொல்ற பொய்யை இப்ப உன் மெஷினும் சொல்லுதா?"

துறைத்தலைவர் இடிந்துபோனார். ஆனாலும் நிரூபிக்காமல் விடமாட்டேன் என்று, பெஞ்சிலேயே அவரை மறுபடி தூங்கச் சொன்னார். இரண்டு பேர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்குத் தூக்கம் வரும்?

"வரலியே சார்" என்றார் மாமனார். "சும்மா இருக்கறதுக்கு, இந்த மெஷின் என்னதான் பண்ணுதுன்னு சொல்லுங்க, கேட்போம்."

தலைவருக்கு இப்படிக் கேட்க ஆள் கிடைப்பதே அபூர்வம். ஆசையாகத் தொடங்கினார். மூன்றாவது வாக்கியத்தில் மாமனாருக்குக் கண் செருகியது. உள்ளே கோடு துள்ளிக் குதித்தது. மருமகள் ஓடிவந்து சொன்ன பிறகும் தலைவர் ஐந்து நிமிஷம் பேசிவிட்டுத்தான் நிறுத்தினார்.

அன்று சாயங்காலம், மருமகள் கொண்டுவந்த குறட்டைக் கோட்டின் படத்தைப் பார்த்ததும் மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "அந்தப் படத்தைப் பெரிசா எடுத்துக் குடும்மா, ஹால்ல மாட்டணும்" என்றார்.

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் ஆராய்ந்தார். "இந்த மெஷின் எதை அளக்கும்னு சொன்னே?"

"ரொம்ப ரொம்பச் சின்ன விஷயத்தை, மாமா."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "காதுல விழுந்துச்சா? ரொம்பச் சின்னதை அளக்கற மெஷின்ல என் குறட்டை சிக்கியிருக்கு. அப்படின்னா அது எவ்வளவு சின்னதா இருக்கணும், பாரு!"

மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினாள்.

மறுநாள் பெஞ்சை எதிர்ச்சுவருக்கு நகர்த்திப் போட்டார்கள். ஒன்றரை மணிக்குக் கோடு அசையவில்லை. துறைத்தலைவர் மட்டும் ஒரு நப்பாசையோடு, இரண்டே கால் வரைக்கும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார்.