பெட்டிக்குள் ஆடிய மண்டையோடு

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தானின் இருமல் நின்றதில் நிம்மதி. கட்டுரை எப்போது அச்சாகும், என் பெயர் எந்தப் பக்கத்தில் வரும், எத்தனை பிரதி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். பிரதி வாங்க வேண்டாம். கட்டுரை வரவில்லை. காரணம் நான்தான். நீ பாதியைப் படித்துவிட்டு மீதியை உன் இஷ்டத்துக்கு அத்தானிடம் சொல்வாய் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். (திமிங்கிலம் மீன் இல்லை. பக்கத்து வீட்டில் இனியாவது "மீன் மண்டை அளக்கிறான்" என்று சொல்லாதே.) அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், கல்லாகிப் போன பழங்காலத் திமிங்கில மண்டையோடுகள் முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. முழு எலும்புக்கூடு கிடைப்பது அபூர்வம். ஆனால் ஒரு கன்ன எலும்பிலிருந்து மறு கன்ன எலும்பு வரையுள்ள அகலம் தெரிந்தால், உடம்பு எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டுவிடலாம். பல மண்டைகளில் ஒரு பக்கம் உடைந்திருக்கும். அப்போது நடுவிலிருந்து இருக்கிற பக்கத்தை மட்டும் அளந்து, தாளில் 'பாதி' என்ற கட்டத்தில் எழுத வேண்டும். மாடியில் டாக்டரம்மாவின் கம்ப்யூட்டர் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளும்.

டாக்டரம்மாவுக்கு முழங்கால் வலி. நான் சேர்ந்த இந்த ஆறு வருடத்தில் ஒருநாளும் கீழே இறங்கியதில்லை. "கீழே என் கண்ணு நீங்கதான்" என்பார்.

நீலத்திமிங்கிலம் எப்படி இத்தனை பெரிதானது என்பதுதான் அவருடைய கேள்வி. முப்பது மீட்டர். உன் தெருவில் படுக்கவைத்தால் தலை உன் வாசலில், வால் மருந்துக்கடைக்கு அந்தப் பக்கம். கோடிக்கணக்கான வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது என்பது டாக்டரம்மாவின் கட்சி. இல்லை, வெகுகாலம் சாதாரண அளவில் இருந்துவிட்டு, கடைசியில் சில பத்து லட்சம் வருடங்களுக்குள் மளமளவென்று பெருத்தது என்பது எதிர்க்கட்சி. டாக்டரம்மாவுக்கு இருந்தது ஒரே சாட்சி. நாற்பத்தொன்றாம் எண் மண்டையோடு, ஒன்றரைக் கோடி வருடப் பழசு. அந்தக் காலத்துத் திமிங்கிலங்கள் ஏழெட்டு மீட்டரைத் தாண்டாதபோது இது மட்டும் பதிமூன்று மீட்டர். கட்டுரையே அதை நம்பித்தான். அளந்தவன் என்று என் பெயரும் சேர்ந்தது.

அந்த மண்டையை வெளியூர்க் கூட்டத்தில் காட்டுவதாக ஏற்பாடு. எங்கள் தச்சர் ஆணியிடம் பெட்டி செய்யச் சொன்னேன். (எப்போதும் வாயில் நாலு ஆணி இருக்கும், அதனால் அந்தப் பெயர்.) எழுந்து போய் அளக்கச் சோம்பல்பட்டு, மாடிக் கம்ப்யூட்டர் பெருக்கிக் கொடுத்திருந்த தாளைப் பார்த்து அகலத்தை எழுதிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தது. இரண்டு பேர் மண்டையைத் தூக்கி உள்ளே வைத்தோம். அப்பாவின் செருப்பில் குழந்தையின் கால் மாதிரி அது இங்கும் அங்கும் ஆடியது.

ஆணி வாயிலிருந்த ஆணிகளைக் கையில் துப்பினார். "சார், இதுக்கு ஜோடி எங்கே? நீங்க குடுத்த அளவுக்கு ரெண்டு மண்டை படுக்கும்."

பழைய தாளைத் தேடி எடுத்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துக் கையெழுத்து. எங்கேயும் உடையாத முழு மண்டை, முழு அகலம் எழுபத்துநாலு சென்டிமீட்டர். எழுதியிருந்தது 'பாதி' கட்டத்தில்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆணி, "அட, இதுக்குப் போய்! ரெண்டு பக்கமும் அறுத்துச் சின்னதாக்கிடறேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

பெட்டியை அறுக்கலாம்தான். புதன்கிழமை முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. தெருவில் எல்லாருக்கும் சொல்லியாயிற்று என்ற உன் கடிதம் அன்றைக்குத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை கட்டுரை அனுப்பும் நாள். வியாழன் காலை மாடிக்குப் போய், உட்காராமலே சொல்லிவிட்டேன்.

"எழுபத்துநாலா?"

"ஆமாம்மா."

"முழுசா?"

"முழுசு."

அவர் எண்ணை மாற்றினார். திரையில், காலவாரியாகத் திமிங்கில நீளம் காட்டும் வரைபடத்தில், உயரத்தில் தனியாக நின்ற புள்ளி கீழே இறங்கி, மற்ற புள்ளிகளோடு கலந்துவிட்டது. இப்போது வலது ஓரம் வரை ஒரே சமவெளி. நம் காலத்தை ஒட்டிய அந்த ஓரத்தில் மட்டும் செங்குத்தாக ஒரு ஏற்றம்.

"சாப்பாடு பக்கத்துல இருந்தவரைக்கும் யாரும் பெருசாக வேண்டிய அவசியமே வரலை போல" என்றார், என்னிடமா தனக்கா என்று தெரியவில்லை. "அப்புறம் பூமி குளிர்ந்துபோச்சு. இரையெல்லாம் கடல்ல அங்கங்கே, சில மாசம் மட்டும் குவிஞ்சு கிடந்துச்சு. நடுவுல ஒண்ணுமே இல்லாத தூரம். ஒரே வாயில அள்ளி, கொழுப்பைச் சேர்த்துக்கிட்டு அந்தத் தூரத்தைக் கடக்கப் பெரிய உடம்புதான் வேணும். எதிராளிங்க இதைத்தான் பத்து வருஷமா சொல்றாங்க. நான்தான் கேக்கலை."

திட்டுவார் என்று நின்றேன். அவர் திரும்பி, "மத்த முந்நூத்திப் பதினொண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

அத்தனையும் நான் அளந்தவைதான், அக்கா. திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை காலை படியில் சத்தம் கேட்டது. டாக்டரம்மா கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, பதினெட்டுப் படிகளையும் இறங்கி வந்தார். ஆணி ஓடிப்போய் அந்தப் பெரிய பெட்டியைக் கவிழ்த்து, மேலே சாக்கை மடித்துப் போட்டார். "நல்லவேளை, அறுக்கலை" என்று என் காதில் சொன்னார்.

டாக்டரம்மா அதில் உட்கார்ந்து மடியில் புது நோட்டை விரித்தார். "ஒண்ணாம் நம்பர். சொல்லுங்க."

நான் அளந்து சொன்னேன்.

"பாதியா, முழுசா?"

கண்ணெதிரே இருக்கிற மண்டைக்கும் கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் கேட்கிறார். நானும் ஒவ்வொன்றுக்கும் சொல்கிறேன். இன்று நாற்பத்தொன்றுக்கு வந்தோம். அவர் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து, அளவுக் கருவியின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டார். எழுபத்துநாலு. அது ஒன்றுக்கு மட்டும் அவர் கேட்கவில்லை.

இன்னும் இருநூற்று எழுபத்தொன்று இருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்டால், அளந்துகொண்டிருக்கிறான் என்று சொல்.

உன் தம்பி