ரேடியோவுக்குச் செய்த குச்சி ஐஸ்

ஞானப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த மாப்பிள்ளை, ஒரு பக்கக் கன்னம் பன் போல உப்பிப்போய், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். சூடாக எதுவும் ஆகாது, கடிக்கிற மாதிரி எதுவும் ஆகாது. குளிர்ச்சியாக நாக்கில் வைத்துக் கரைய விடலாம், ஆனால் உறிஞ்சக் கூடாது என்று பல் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இருந்த கொஞ்சநஞ்ச ஞானமும் போச்சும்மா. இனிமே இவரை வெச்சுக்கிட்டு எப்படிக் காலம் தள்ளப் போறேன்?" என்று மகள் போனில் புலம்பினாள்.

"பொலம்பாம கெளம்பி வா. குச்சி ஐஸ் அச்சு வாங்கணும்," என்றாள் அம்மா.

பாத்திரக்கடையின் மாடியில் ஒரு அலமாரி முழுக்க ஐஸ் அச்சுதான். ராக்கெட், நட்சத்திரம், கரடி முகம், தர்பூசணிக் கீற்று. பிளாஸ்டிக்கில், எவர்சில்வரில், பிழிந்தால் பிதுங்கும் சிலிக்கானில். மகள் கரடி முகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைப் பெண்ணிடம் கணவரின் பல்லில் தொடங்கி அவருடைய அலுவலகம், அலுவலகத்தின் கேன்டீன் வரைக்கும் போய்விட்டாள். அம்மா மட்டும் ஒவ்வொரு அச்சாக எடுத்து, உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தைக்குங்களா?" என்று கேட்டாள் கடைப் பெண்.

"ஆமா. மீசை வெச்ச குழந்தை," என்றாள் மகள். "அம்மா, இந்தக் கரடி நல்லா இருக்குல்ல?"

"காது ரெண்டும் கூரா இருக்கு. வாய்ல புண்ணு இருக்கறவங்களுக்கு ஓரம்தான் எதிரி. வழவழன்னு, விரல் மாதிரி இருக்கணும். அப்பதான் குச்சியை உருவிட்டு வட்ட வட்டமா நறுக்கிக் கொடுக்கலாம். அந்த சிலிக்கான் பரவாயில்லை, ஆனா ஊத்தினதும் துவண்டுடும். கீழ நிக்க ஸ்டாண்டு இருக்கான்னு கேளு."

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

"உனக்குச் செஞ்சு செஞ்சு தெரிஞ்சுக்கிட்டதுதான்."

மகள் வாயைத் திறந்தவள், ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். அபூர்வமாகத்தான் அவள் அப்படிச் செய்வாள்.

அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, குடியிருப்பில் எல்லோரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். கீழ்வீட்டுத் தையற்காரர் வைத்த பெயர். காலையில் கண் விழித்ததும் தொடங்கினால் தூங்கும் வரை ஓயாது. அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாளெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர்பேர் தெரியாதவர்களுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, தலைவலியோடு வீட்டுக்கு வந்தால் அங்கே இது இன்னொரு எக்ஸ்சேஞ்ச். "கொஞ்ச நேரம் வாயை மூடேன்டி" என்று கெஞ்சாத நாளே கிடையாது.

அப்பாவுக்குப் பல் செட் செய்கிற வேலை. வீட்டின் பின்னறைதான் அவருடைய பட்டறை. போனால் மெழுகு வாசனை அடிக்கும். அலமாரியில் யார் யாருடைய வாயோ வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். பல் அச்சு வார்க்கிற வெள்ளைச் சாந்துப் பொடி படிந்த சட்டையோடு குனிந்தபடி வேலை செய்வார். "பேசறதுக்குத்தான் இந்த வீட்டுல ரெண்டு பேர் இருக்கீங்களே, நான் வேற எதுக்கு?" என்பார். அவர் பேசுவது பெரும்பாலும் அவ்வளவுதான்.

அந்தக் கோடை விடுமுறையில் ரேடியோவுக்கு டான்சில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "ஐஸா நிறையக் கொடுங்க. ஆனா சிவப்பா எதுவும் வேண்டாம், ரத்தம் கசிஞ்சா நமக்குத் தெரியாமப் போயிடும். புளிப்பும் வேண்டாம், எரியும். நாளையில இருந்து பேசலாம்."

சிவப்பும் ஆகாது, புளிப்பும் ஆகாது என்றால் பழக்கடையில் பாதிக்கு மேல் காலி. குழந்தைக்குப் பிடித்த ஆரஞ்சும் போயிற்று, தர்பூசணியும் போயிற்று. சரி, அதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள் அம்மா. ஆனால் மறுநாள் குழந்தை பேசவில்லை. அதற்கு மறுநாளும் பேசவில்லை. வேண்டும் என்றால் கையைக் காட்டியது, வேண்டாம் என்றால் தலையை ஆட்டியது. தண்ணீர் கொடுத்தால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது.

"தொண்டை நல்லாத்தான் ஆறிட்டு வருது," என்றார் டாக்டர். "கட்டாயப்படுத்தாதீங்க. தானா பேசும். தண்ணிச் சத்து மட்டும் எப்படியாவது உள்ள போகணும்."

மாடிப்படியில் எதிர்ப்பட்ட தையற்காரர், "என்னம்மா, ரேடியோ ரிப்பேரா? சத்தத்தையே காணோம்," என்றார். அவர் வெள்ளந்தியாகக் கேட்டதுதான். அம்மா சிரித்து வைத்துவிட்டு மேலே ஏறினாள். கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை முறை வாயை மூடச் சொல்லியிருக்கிறோம் என்று அதையே நினைத்து நினைத்து அழுதாள்.

ஒருநாள் மத்தியானம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள் அம்மா. திடீரென்று, "அது என் சீப்பு! குடு!" என்று கணீரென ஒரு குரல். அம்மாவின் கையிலிருந்த துண்டு நழுவி விழுந்தது. குழந்தை கண் திறக்கவில்லை. கனவில் யாரோடோ சண்டை. முனகிவிட்டுப் புரண்டு படுத்தது.

பின்னறைக்கு ஓடிப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"குரல் இருக்குங்க. நல்லாவே இருக்கு."

"அவகிட்ட சொல்லிடாதே. தூக்கத்துல பேசறோம்னு தெரிஞ்சா அப்புறம் தூங்கறதுக்கும் பயப்படுவா."

அதுவும் சரியென்றே பட்டது. அம்மா வாயைத் திறக்கவில்லை.

ஐஸ் செய்யும் பாடு தனியாக நடந்துகொண்டிருந்தது. முதலில் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி ஸ்பூனைச் செருகி உறைய வைத்தாள். உலக்கை மாதிரி வந்தது. குழந்தையால் அந்த அளவுக்கு வாயைத் திறக்க முடியவில்லை. அடுத்தது ஐஸ் கட்டித் தட்டு. அதில் உறைந்த கட்டியின் மூலை உள்நாக்கில் பட்டதும் குழந்தையின் கண்ணில் நீர் முட்டியது, துப்பிவிட்டது. கடைத்தெருவில் அலைந்து பிளாஸ்டிக் அச்சு ஒன்று வாங்கி வந்தாள். நட்சத்திரம். ஒவ்வொரு முனையும் ஊசி. இருமல் மருந்து மூடியில் வைத்தால் உருவம் சரியாக வந்தது, குச்சிதான் நிற்கவில்லை.

இதையெல்லாம் அப்பா போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் சுண்டுவிரலைப் பிடித்து உருட்டி உருட்டிப் பார்த்தார். எழுந்து பின்னறைக்குப் போய், அந்தப் பருமனுக்கு மெழுகை உருட்டி, விளக்குச் சுடரில் லேசாகக் காட்டிக் காட்டி, எங்கும் ஒரு வரி கூட இல்லாமல் வழவழப்பாக்கினார். அதன் மேல் ரப்பர் மாதிரி இறுகுகிற பசையைக் கொட்டி அச்செடுத்தார்.

"இது வாய்க்குள்ள போகலாமாங்க?"

"வாய்க்குள்ள வெச்சு அளவெடுக்கறதே இதுலதான்."

ஆனாலும் அவள் அதை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிட்ட பிறகுதான் கையில் எடுத்தாள்.

பேரிக்காயைத் தோல் சீவி, வேகவைத்து, மசித்து, வடிகட்டினாள். சர்க்கரை போடாமல் வைத்த முதல் தடவை கல்லாக உறைந்தது. தாராளமாகப் போட்ட இரண்டாவது தடவை உறையவே மாட்டேன் என்று கூழாக நின்றது. மூன்றாவது தடவை பதம் பிடிபட்டது. அச்சின் வாயை அலுமினியத் தாளால் மூடி, அதில் கீறல் போட்டுக் குச்சியைச் செருகினால் சாயாமல் நின்றது. வெந்நீரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் சுற்றி இழுத்தால் வழுக்கிக்கொண்டு கையில் வந்தது.

குழந்தை அதை வாங்கி, சந்தேகத்தோடு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தது. இன்னொரு தடவை வைத்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் தின்றுவிட்டுக் கையை நீட்டியது. முலாம்பழத்தில் ஒன்று, மறுபடி பேரிக்காயில் ஒன்று. வறண்டு கிடந்த உதட்டில் ஈரம் வந்தது, முகத்தில் களை வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சமையலறையில் இருந்தாள். அப்பா ஃப்ரீசரைத் திறந்து எதையோ எடுத்து, கைத்துணியில் மறைத்துக்கொண்டு போனதைப் பார்த்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று எட்டிப் பார்த்தாள். அவர் குழந்தையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பில்லை. துணியை விலக்கி, குச்சியோடு ஒன்றைத் தன் உதட்டுக்கு முன்னால் பிடித்தார். மாம்பழச் சாற்றில் உறைந்த பல் வரிசை. ஈறும் கடைவாய்ப் பல்லும் அச்சு அசலாக, பளபளவென்று மஞ்சளாக இளித்தது.

குழந்தை அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. வயிறு குலுங்கியது. சிரிப்பு தொண்டையில் பட்டு வலித்திருக்க வேண்டும்; கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டே, காக்கை கரைகிற மாதிரி ஒரு குரலில், "அப்பா, நீங்க பல்லே வெளக்கறதில்லையா?" என்றது.

அப்பா பல் வரிசையைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, அவசர வேலை இருப்பது போலப் பின்னறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா போய்ப் பார்த்தபோது, பட்டறைத் துணியால் கண்ணைத் துடைத்துத் துடைத்து முகமெல்லாம் சாந்துப் பொடி அப்பி, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றிருந்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வெளியே ரேடியோ பாடத் தொடங்கியிருந்தது.

அதற்குப் பிறகு கோடை வந்தாலே அந்த வீட்டு ஃப்ரீசரில் வேறு எதற்கும் இடமிருக்காது. சாவி, பட்டன், செருப்பு, தையற்காரரின் மூக்கு என்று அப்பா என்னென்னவோ அச்செடுத்தார். மூக்குக்குத் தையற்காரரே வந்து மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து அளவு கொடுத்தார். மாடிப்படி முழுக்கப் பிள்ளைகள் கையில் சொட்டச் சொட்ட ஐஸோடு உட்கார்ந்திருப்பார்கள். "அத்தை, எனக்குக் கடைவாய்ப் பல்லு!" "எனக்கு மூக்கு, போன தடவை அவனுக்குத்தானே கொடுத்தீங்க!" படிகளில் பிசுபிசுப்பு, அம்மாவுக்குக் கழுவி மாளாது. வேலை முடிந்து வருகிறவள் பையைக் கூட வைக்காமல், பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து தானும் ஒன்றை வாங்கிக்கொள்வாள். பிறகு ரப்பர் அச்சுகள் ஒவ்வொன்றாக விறைத்து வெடித்தன. பிள்ளைகளுக்கு மீசை முளைத்தது, தாவணி வயது வந்தது, யாருக்கும் மூக்கு வேண்டியிருக்கவில்லை. கடைசியாக எப்போது செய்தோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. அது கடைசி என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சிலிக்கான் அச்சை வாங்கிக்கொண்டு பாத்திரக்கடையிலிருந்து வந்ததும் அம்மாவும் மகளும் மகள் வீட்டுச் சமையலறையில் பேரிக்காய் சீவ உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளைக்குத் துணையாக அப்பா உள்ளே இருந்தார். இப்போது அவருக்கே பல் செட்தான். இன்னொருவர் செய்தது. அது கடிக்கிறது, இது ஆடுகிறது என்று அதில் குறை சொல்லாத நாளில்லை.

"சர்க்கரை பாத்துப் போடு," என்றாள் அம்மா.

மகள் போட்டாள். கலக்கினாள். பிறகு தலை நிமிராமல், "அம்மா, அப்ப நான் ஏன் பேசலைன்னு நீ ஒரு நாளும் கேட்டதே இல்லை," என்றாள்.

"வலின்னு நெனச்சோம்."

"வலி சீக்கிரமே போயிடுச்சு. ஆஸ்பத்திரில ஒரு நர்ஸு சின்ன பாட்டில் ஒண்ணு காட்டினாங்க. உள்ள ரெண்டு உருண்டை. 'பாரு, உன் தொண்டையில இருந்து எடுத்தது'ன்னாங்க. அதுதான் என் குரல்னு நெனச்சுட்டேன். எனக்கு ரெண்டு குரல் இருந்திருக்கு, அதான் இவ்வளவு பேசறேன், ரெண்டையும் எடுத்துட்டாங்கன்னு. பேசிப் பாத்து வரலைன்னா அது உண்மைன்னு ஆயிடும்ல? அதனால பேசியே பாக்கலை."

அம்மாவின் கத்தி பேரிக்காயில் பாதியில் நின்றது.

"இத்தனை வருஷமா ஏன்டி சொல்லலை?"

"அப்புறம் பேச ஆரம்பிச்சுட்டேன். பேச வேற விஷயம் நெறைய இருந்துச்சு."

"உன் குரல் எங்கயும் போகலைடி. அப்ப ஒரு மத்தியானம் தூக்கத்துல பேசினே. 'என் சீப்பு, குடு'ன்னு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

மகள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா? அப்பவே தெரியுமா? எனக்கே தெரியாம எனக்குக் குரல் இருந்திருக்கு, நீ சொல்லவே இல்லையே!"

"அப்பா வேண்டாம்னாரு. நீ தூங்கவே பயப்படுவேன்னாரு." அம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "எவன் எவனோ எவள் எவளோடயோ பேசறதுக்கு நாளெல்லாம் லைன் போட்டுக் கொடுத்துட்டு இருந்தேன். வீட்டுல ஒரு லைன் போடத் தெரியலை எனக்கு."

மகள் பழச்சாறு ஒட்டிய கையோடு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். புடவையெல்லாம் பிசுபிசுத்தது. இருவரும் சிரித்தார்கள். நல்ல சத்தமாகவே சிரித்திருக்க வேண்டும், உள்ளேயிருந்து அப்பா, "என்ன அங்க?" என்றார்.

ஐஸ் உறைந்ததும் அம்மா குச்சியை உருவிவிட்டு வட்டங்களாக நறுக்கி இரண்டு கிண்ணங்களில் போட்டாள். மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். ஒரு துண்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். "அத்தை... இன்னும் இருக்குங்களா?" என்று வீங்கின கன்னத்தின் ஓரமாகக் கேட்டார். அப்பாவும் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆற அமரச் சாப்பிட உட்கார்ந்தார். மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பாட்டில் கதையை முதலிலிருந்து அப்பாவுக்குச் சொல்லத் தொடங்கினாள். அவர் கேட்டுக்கொண்டே வந்தவர், ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார். கழற்றி வைத்த பல் செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எந்த நர்ஸு?" என்றார். "அந்த ஆஸ்பத்திரி இன்னும் அங்கதான் இருக்கா?"