வலது முழங்காலுக்கு ஒரு நேர்ச்சை

பகல் முழுக்க டப்பா மீன் கம்பெனியில நின்னு மத்திக்குத் தலை வெட்டுறவளுக்கு, சாயங்காலம் கோல் போஸ்ட்டுக்கு நடுவுல நிக்கிறதுதான் ஓய்வு. என் பேரு ஒத்தீலியா. போர்த்தோ நகரத்துக்கு வடக்க, கடலோரத்துல இருக்கிற எங்க ஊர் பொண்ணுங்க டீமுக்கு நான்தான் கீப்பர். டீம்லயே வயசுல மூத்தவ. எனக்கு வாய் ஜாஸ்தின்னு இந்த மாவட்டத்து ரெஃப்ரீ அத்தனை பேருக்கும் தெரியும்.

ஆனா இது மஃபல்தா கதை. பதினேழு வயசு, ஒல்லிக்குச்சி. பந்தை எடுத்துக்கிட்டு வலது ஓரமா அவ ஓட ஆரம்பிச்சா, எதிர் டீம்ல தடுத்து ஆடுற பேக்குங்க ஒருத்திய ஒருத்தி பாத்து "நீ போடி, நீ போ"ன்னு நிப்பாங்க. நான் பின்னாடி என் கோல்ல தனியா நின்னு சிரிச்சுக்கிட்டு இருப்பேன். இவ நம்ம ஊரோட நிக்கிற ஆளு இல்லன்னு முதல் பிராக்டீஸ்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

போன வருஷம் அவளோட வலது முட்டி போச்சு. யாரும் இடிக்கக்கூட இல்ல. ஓடுற வேகத்துல திரும்பினா, உள்ள ஜவ்வு அறுந்துடுச்சு. சத்தம் கேலரி வரைக்கும் கேட்டுச்சு. அங்க அவ அம்மா தெல்மா உக்காந்திருந்தா. மீன் மார்க்கெட்ல கடை வச்சிருக்கிறவ, எட்டுக் கடைக்குக் கேக்குற மாதிரி கத்துறவ, அன்னைக்கு வாயே திறக்கல. அதுக்கப்புறம் அவ கிரவுண்டு பக்கமே வந்ததில்ல. ஆபரேஷன் ஆச்சு, மாசக்கணக்கா பயிற்சி, அழுகை எல்லாம் ஆச்சு. இந்த வசந்தத்துல பொண்ணு மறுபடி ஓட ஆரம்பிச்சா.

அப்பதான் எங்க கோச் அபிலியோ அந்த சேதியைக் கொண்டுவந்தாரு. பத்தொம்பது வயசுக்குக் கீழ உள்ள தேசிய அணிக்கு ஆள் பாக்குற செலக்டரம்மா, ஞாயித்துக்கிழமை மேட்சுக்கு லிஸ்பன்லேருந்து வராங்க. மஃபல்தாவைப் பாக்குறதுக்குன்னே வராங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கம்பெனியில மத்தியோட வாலை வெட்டிட்டுத் தலையை டப்பாவுல வச்சு சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

சனிக்கிழமை காலையில மார்க்கெட்டுக்குப் போனா, தெல்மா முகமே சரியில்ல.

"என்னடி, பொண்ணுக்கு வாழ்க்கையே திறக்கப்போவுது, நீ செத்த மீனாட்டம் பாக்குற?"

"நாளைக்கு மாதா திருநாள் ஒத்தீலியா."

"தெரியும். அதுக்கென்ன? காலையில பூசை, மத்தியானம் மேட்சு, சாயங்காலம் சுட்ட மத்தி. பொன்னான நாளு."

தெல்மா கத்தியைக் கீழ வச்சா. "அவ முட்டி சரியாகணும்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டேன். திரும்ப ஓடினான்னா, அதுக்கடுத்து வர்ற திருநாள் அன்னைக்கு, டீம் உடுப்புல கோவிலை மூணு சுத்து முட்டி போட்டே வருவான்னு."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்ல. கடலுக்குப் போறவங்களைக் காக்குற எங்க பயண மாதா கோவிலைச் சுத்தி இருக்கிறது பூராவும் கருங்கல்லு. மேடும் பள்ளமுமா, கடல் காத்துல அரிச்சுப்போன கல்லு.

"யாரு வருவா?"

"மஃபல்தா."

"எந்த முட்டியால?"

"ரெண்டு முட்டியாலயும்தான். வேற எதால?"

"ஏண்டி, முட்டி சரியாகணும்னு வேண்டிக்கிட்டு, அந்த முட்டியையேவாடி குடுப்ப? உனக்குக் கிறுக்கா? மெழுகுல செஞ்ச முட்டி ஒண்ணு வாங்கி மாதா காலடியில வைக்க வேண்டியதுதானே? உன் சங்கிலியை உண்டியல்ல போட வேண்டியதுதானே?"

"அப்ப என் வாயில அதுதான் வந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு யோசிச்சா பேசுவாங்க?" அவ கண்ணு கலங்கிடுச்சு. "வேற எது குடுத்தாலும் பத்தாதுன்னு தோணுச்சு."

மேட்சு முடிஞ்சு போகட்டும்னு சொல்லிப் பாத்தேன். முடியாதாம். பாக்கி வச்சுக்கிட்டுப் பொண்ணு கிரவுண்டுல இறங்கினா, மாதா குடுத்ததைத் திருப்பி எடுத்துக்குவாளாம். அந்தச் சத்தம் மறுபடி கேட்டா தான் உசுரோட இருக்க மாட்டேன்னு சொன்னா. அவளைக் கோவில் ஃபாதர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனேன். அவரு நல்ல மனுஷன். "தெல்மா, மாதா பிள்ளைங்க கஷ்டப்படுறத விரும்ப மாட்டா. நான் நேர்ச்சையை மாத்திக் குடுக்கிறேன், ஒரு ஜெபமாலை சொல்லு போதும்"னாரு. அவ அவரை நிமுந்து பாத்துச் சொன்னா: "ஃபாதர், நான் சொன்னப்ப கேட்டது மாதா. நீங்க இல்ல."

மனுஷன் ஜெபமாலையைத் திரும்பப் பையில போட்டுக்கிட்டாரு.

மஃபல்தாவாவது மாட்டேன்னு சொல்லுவான்னு பாத்தேன். அவ பயிற்சி முடிஞ்சு ஷூ கயித்தை அவுத்துக்கிட்டே நான் சொன்னதைக் கேட்டா.

"போறேன்க்கா" அப்படின்னா.

"பிசியோ என்ன சொன்னா உனக்கு? கல்லு மேல முட்டி போடாதன்னு சொல்லல?"

"சொன்னா. ஆனா அம்மா ஒரு வருஷமா தூங்கல. எனக்கு என்னன்னா..." குரலைத் தணிச்சா. "நானும் அந்தக் காலை நம்பி இன்னும் முழுசா ஊனலக்கா. ஓடுறேன், ஆனா திரும்பறப்போ பயம். யார்கிட்டயும் சொல்லாத."

எனக்கு அவளை அறையலாமான்னும் இருந்துச்சு, கட்டிப்பிடிச்சுக்கலாமான்னும் இருந்துச்சு. முட்டியைக் கல்லுல தேச்சுட்டு வந்தா அன்னைக்கு ஆட முடியாது. ஆடலன்னா லிஸ்பன் அம்மா இன்னொரு தடவை இந்தக் கடலோரத்துக்கு வரப்போறதில்ல. கோபத்துல என் பையைத் தூக்கி எறிஞ்சேன். அதுலேருந்து என் கீப்பர் பேன்ட் வெளிய வந்து விழுந்துச்சு. முட்டியில கனமா பஞ்சு வச்ச நீள பேன்ட்.

அதைப் பாத்தேன். அப்படியே தூக்கிக்கிட்டு தெல்மா வீட்டுக்கு ஓடினேன்.

"நேந்தப்ப என்ன சொன்ன, அச்சு அசலா சொல்லு."

"டீம் உடுப்புலன்னு சொன்னேன்."

"அரைக்கால் டவுசர்னு சொன்னியா? வெறும் முட்டின்னு சொன்னியா?"

"சொல்லல."

"இது என்ன?" பேன்ட்டுல இருந்த கிளப் முத்திரையை அவ மூக்குக்கு நேரா நீட்டினேன். "கீப்பர் டீம்ல சேத்தி இல்லையா? இல்லன்னு சொல்லிப் பாரு, மார்க்கெட்டு நடுவுல உன்னை நாறடிச்சுடுவேன்."

தெல்மா பேன்ட்டை வாங்கி, முட்டியில இருந்த பஞ்சை அமுக்கி அமுக்கிப் பாத்தா. மீனு புதுசான்னு பாக்குற மாதிரியே பாத்தா. கடைசியில, "சரி. ஆனா ஏமாத்திட்டோம்னு மாதா நினைச்சுடக் கூடாது. நானும் கூட வரேன். வெறும் முட்டியில" அப்படின்னா.

மறுநாள் காலையில கோவிலைச் சுத்தி ஊரே இருந்துச்சு. பேண்டு வாத்தியம், வாணம், பொம்பளைங்க, குழந்தைங்க எல்லாம். என் மஞ்சச் சட்டையில மஃபல்தா முங்கிப்போய்க் கிடந்தா. பேன்ட்டை நாலு மடிப்பு மடிச்சிருந்தோம். யாரோ ஒரு கிழவி "ஒத்தீலியா எப்படி இவ்வளவு இளைச்சுப்போனா?"ன்னு கேட்டது எனக்கே கேட்டுச்சு. பக்கத்துல தெல்மா, கறுப்புப் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு முட்டி போட்டா. டீம் மொத்தமும் ரெண்டு பக்கமும் நடந்தோம்.

முதல் சுத்துல சிரிப்புதான். ரெண்டாவது சுத்துல தெல்மா உதட்டைக் கடிச்சுக்கிட்டா. மூணாவதுல கல்லு மேல சின்னச் சின்னதா ரத்தக் கறை, எல்லாம் அவளோடது. "அம்மா, நிறுத்தும்மா, போதும்மா"ன்னு மஃபல்தா கெஞ்சினா. "நீ முன்னாடி பாத்து வாடி"ன்னா தெல்மா. வாசல்ல வந்து முடிச்சப்போ ரெண்டு பேரும் ஒருத்திய ஒருத்தி பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் அழல. கண்ணுல வாணப் புகை பட்டுடுச்சு, அவ்வளவுதான்.

பஞ்சு வேலை செஞ்சுது. மஃபல்தா முட்டி ரெண்டும் லேசா சிவந்திருந்துச்சு, வேற ஒண்ணுமில்ல. என் பேன்ட்டுதான் கிழிஞ்சு தொங்குச்சு. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதையே மாட்டிக்கிட்டு மத்தியானம் கோல்ல நின்னேன்.

கேலரியில ரெண்டு பேரைத்தான் நான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தி செலக்டரம்மா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு. இன்னொருத்தி, ரெண்டு முட்டியிலயும் வெள்ளைக் கட்டோட, காலை நீட்டி உக்காந்திருந்த தெல்மா. வந்துட்டா பாருங்க, ஒரு வருஷம் கழிச்சு.

முதல் பாதி நாசமாப் போச்சு. எதிர் டீம் பிராகா நகரத்துப் பக்கத்துக்காரிங்க, ஒவ்வொருத்தியும் மலை. ஒரு கோல் போட்டுட்டாங்க. மஃபல்தா ஓடினா, ஆனா திரும்ப வேண்டிய இடத்துல எல்லாம் பந்தைப் பின்னாடி தட்டிவிட்டுட்டா. எனக்குக் காரணம் தெரியும், கத்தவும் முடியல. செலக்டரம்மா ஃபோனைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ரெண்டாவது பாதி ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துல, அவங்க பேக் ஒருத்தி, பந்தை விட்டுட்டு மஃபல்தாவோட வலது காலைச் சேத்து வாரினா. பொண்ணு பறந்து போய் விழுந்து, முட்டியைக் கட்டிக்கிட்டுச் சுருண்டுட்டா. தூரத்துல பேண்டு வாத்தியம் மட்டும் கேட்டுச்சு. ரெஃப்ரீ ஓடினாரு, கோச் தலையில கைய வச்சுக்கிட்டாரு. நான் என் கோலை விட்டுட்டே ஓட ஆரம்பிச்சேன்.

அப்போ கேலரியில தெல்மா எந்திரிச்சா. எட்டுக் கடைக்குக் கேக்குற அந்தக் குரல் ஒரு வருஷம் கழிச்சுத் திறந்துச்சு.

"எந்திரிடி மஃபல்தா. அந்த முட்டிக்குக் காலையிலயே பாக்கியெல்லாம் தீத்தாச்சு. அதுக்கு ஒண்ணும் ஆகாது. எந்திரிச்சு ஓடு."

அவ தலையைத் தூக்கி அம்மாவைப் பாத்தா. கட்டுப் போட்ட ரெண்டு காலையும் ஊனி நிக்கிற அம்மாவை. முட்டியை மடக்கினா, நீட்டினா. அப்புறம் சிரிச்சா. எந்திரிச்சு, டவுசரைத் தட்டிவிட்டுக்கிட்டு, ரெஃப்ரீகிட்ட "ஃப்ரீ கிக் எங்களுக்குத்தானே?"ன்னு கேட்டா.

அதுக்கப்புறம் நடந்ததை நான் இன்னும் கம்பெனியில சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். பந்து வலது ஓரத்துல அவகிட்ட போச்சு. ஓடினா. பேக் குறுக்க வந்தா. திரும்பினாய்யா, அந்தக் கால் மேலயே முழு உடம்பையும் ஊனித் திரும்பினா. அந்த மலை அப்படியே உக்காந்துடுச்சு. கீப்பருக்கும் போஸ்ட்டுக்கும் நடுவுல போட்டா கோலை. பத்து நிமிஷத்துல இன்னொண்ணு, அதே திருப்பம், அதே மூலை. நான் என் கோல் முன்னாடி தனியா ஆடினேன். கடைசியில அவங்க அடிச்ச பந்துக்கு விழுந்து பிடிச்சேன், கிழிஞ்ச பேன்ட்டு வழியா என் முட்டியும் தோல் உரிஞ்சுது. எனக்கு வலிக்கவே இல்ல. ரெண்டுக்கு ஒண்ணு.

மேட்சு முடிஞ்சதும் செலக்டரம்மா நேரா தெல்மாகிட்ட வந்தாங்க. கட்டுப் போட்ட முட்டியைப் பாத்துட்டு, "நீங்களும் ஆடுவீங்களா?"ன்னு கேட்டாங்க.

"எங்க மேட்சு காலையிலயே முடிஞ்சுடுச்சு" அப்படின்னா தெல்மா.

அவங்க சிரிச்சாங்க. இந்த வாரத்துக்குள்ள ஃபோன் வரும்னு சொன்னாங்க, மஃபல்தாவுக்குக் கை குடுத்தாங்க, போயிட்டாங்க. அவங்க கார் கிளம்பிச்சோ இல்லையோ, தெல்மா கோவில் கோபுரத்தைப் பாத்துக் கையைக் கூப்பினா. உதடு அசையுது. எனக்குப் பகீர்னு ஆச்சு. கீப்பர் கையுறையோட போய் அவ வாயைப் பொத்தினேன்.

"வேணாண்டி. இன்னொரு தடவை அந்தப் பொண்ணு முட்டியைக் குடுத்தேன்னா உன்னைக் கடல்ல தள்ளிடுவேன்."

அவ கையுறையை விலக்கிட்டு, "அவளோடதைக் குடுக்கல"ன்னு சொல்லிட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டா.

புதன்கிழமை கம்பெனி வாசல்ல மஃபல்தா வந்து நின்னா. ஓடி வந்திருக்கா, மூச்சு வாங்குது. "கூப்பிட்டுட்டாங்கக்கா. என்னைக் கூப்பிட்டுட்டாங்க." மேசை மேசையா பொம்பளைங்க கத்தியைத் தட்ட ஆரம்பிச்சாங்க, மத்தி மேல மத்தி பறந்துச்சு, சூப்பர்வைசரே கைதட்டினாரு. நான் அவளைத் தூக்கிச் சுத்தினேன், மீன் நாத்தத்தோட. எனக்கு அவ்வளவு சந்தோஷம், வெக்கமில்லாம அழுதேன்.

இறக்கிவிட்டதும் அவ என் காதுகிட்ட வந்தா.

"அக்கா, அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. என்னைக் கூப்பிட்டாங்கன்னா அடுத்த திருநாளுக்கு முட்டியில மூணு சுத்துன்னு நேந்துக்கிட்டாளாம். உன் பேரைத்தான் சொல்லியிருக்கா."

"பஞ்சு வச்சா, வைக்காமலா?"

"அது ஒண்ணும் சொல்லலையாம்" அப்படின்னா.

அன்னைக்குச் சாயங்காலமே கடைக்குப் போனேன். இருக்கிறதுலயே தடிமனா பஞ்சு வச்ச கீப்பர் பேன்ட்டு ஒண்ணு எடுத்துக்குடுன்னு கேட்டேன்.