படகைக் கட்டியாச்சு

கூடப் பிறந்தவள் கழுத்தை அறுக்கமாட்டாள் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர்களை என்னிடம் அனுப்பி வையுங்கள். என் அக்கா அறுத்தாள். அதுவும் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே அறுத்தாள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனி நடத்துகிறோம். பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறைகள். கையில் பிடித்து ஆடுகிற வீடியோ கேம் பெட்டிதான் எங்கள் சரக்கு. பெரிய கம்பெனிப் பெட்டியைக் கேட்டால் வீட்டில் முதுகில் ஒன்று வைப்பார்களே, அந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகளுக்கான மலிவுப் பெட்டி. சர்க்யூட், பேட்டரி, தொழிற்சாலைக்காரர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அக்கா பொறுப்பு. உள்ளே ஓடுகிற விளையாட்டு என் பொறுப்பு.

என் விளையாட்டில் ஒரு படகுக்காரி வருவாள். தீவு தீவாகப் போய், வழி தவறியவர்களை ஏற்றிக்கொண்டு வந்து அவரவர் வீட்டில் சேர்க்க வேண்டும். ஒரே மூச்சில் முடியாது, நாள்கணக்கில் இழுக்கும். அதற்காகவே ஒவ்வொரு தீவிலும் ஒரு படகுத்துறை வைத்தேன். அங்கே பட்டனை அழுத்தினால் அதுவரை ஆடியது பதிவாகிவிடும். படகுக்காரி கயிற்றைக் கட்டிவிட்டுத் திரையில் சொல்வாள்: "படகைக் கட்டியாச்சு. நிம்மதியா அணைச்சிட்டுப் போ. நீ வர்ற வரைக்கும் இங்கேயே இருப்பேன்."

அந்த வசனத்தை எத்தனை முறை எழுதி எழுதி அடித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். கல்யாணம் காட்சி என்று ஒன்றும் இல்லாமல் படகுக்காரியோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று அம்மா புலம்புவாள். பொய்யில்லை. யாராவது ஒரு பிள்ளை கடைசித் தீவு வரை போய் இறங்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாப் பக்கத்துப் பொம்மைக் கடையின் அலமாரியில் எங்கள் பெட்டியைப் பார்த்ததும் கால் தானாக உள்ளே போனது. பெற்றவளுக்குப் பிள்ளையைப் பார்க்கும் ஆசை இருக்காதா? எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அதை வெச்சிடுங்கம்மா," என்றார் கடைக்காரர். "வாங்கிட்டுப் போனவங்க எல்லாம் வந்து என்னைத்தான் திட்டுறாங்க. அணைச்சா ஆடினது அத்தனையும் போயிடுதாம், மறுபடி முதல்ல இருந்து ஆடணுமாம். ஆனா இங்கேயே இருப்பேன், இங்கேயே இருப்பேன்னு வாய்கிழியப் பேசுது. எந்தப் புண்ணியவான் எழுதினானோ!"

புண்ணியவதி இங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றை வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைக்குப் போகிற பெட்டியை ஆபீசில் பிரிக்கமாட்டோம். ஒட்டிய சீல் உடைந்தால் பெட்டி வீண் என்பாள் அக்கா. எனக்கென்று ஒன்றை மூடியில்லாமல் கொண்டுவந்து மேசையில் வைப்பாள், அதில்தான் நான் சோதித்துப் பார்ப்பேன். அதில் எல்லாம் கச்சிதமாக வேலை செய்யும். ஏன் செய்யாது?

வாங்கி வந்ததைத் திருகிக் கழற்றினேன். ஆடியதைப் பதிந்து வைக்கும் மெமரி சிப் இருக்க வேண்டிய இடம் வெறிச்சென்று கிடந்தது. மேசையில் இருந்ததில் மட்டும் சிப் இருந்தது. அதைப் பற்றவைத்த ஈயம் மெஷின் வைத்ததில்லை, கையால் வைத்தது. அக்காவின் கை. எனக்காகவே மெனக்கெட்டு உட்கார்ந்து வைத்திருக்கிறாள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பதிவாகவில்லை என்றால் படகுக்காரி அதை வாய்விட்டுச் சொல்லும்படிதான் முதலில் எழுதியிருந்தேன். "அந்த செக்கிங் ஆட்டத்தையே மந்தமாக்குதுடி, எடுத்துடு," என்றாள் அக்கா. எடுத்தேன். அக்கா சொல்லி நான் எதைத் தட்டியிருக்கிறேன்?

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெட்டிகளையும் அந்தத் துணிமேல் போட்டேன்.

"என்னக்கா இது?"

பார்த்தாள். பதறவில்லை.

"இன்னும் விலையைக் குறைன்னு கடைக்காரங்க எல்லாரும் கழுத்துல உக்காந்தாங்க. எதையாவது எடுத்தாகணும். பேட்டரியை எடுக்க முடியுமா, ஸ்க்ரீனை எடுக்க முடியுமா?"

"என்கிட்ட சொல்லியிருந்தா ஆட்டத்தைச் சின்னதாக்கியிருப்பேன். அந்த வசனத்தையாவது தூக்கியிருப்பேனே!"

"அந்த வசனத்தைக் காட்டித்தான்டி கடைக்காரங்களையே மடக்கினேன்."

"அப்போ எனக்கு மட்டும் எதுக்கு சிப்பு வெச்ச? என்னைக் கேனச்சின்னு நினைச்சியா?"

"உன் மனசு நோகக் கூடாதுன்னு பார்த்தேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்லு, எந்தப் பிள்ளை இதைக் கடைசி வரைக்கும் ஆடப்போகுது? ரெண்டு நாள் தட்டும், அப்புறம் கட்டிலுக்கு அடியில கிடக்கும்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அரை நிமிஷம் அதை நம்பினேன். அவள் குரல் அப்படி. சின்ன வயதில் காய்ச்சலுக்குக் கசப்பு மருந்து கொடுக்கும்போதும் இதே குரலில்தான் பேசுவாள்.

உள்ளறையிலிருந்து அக்கா மகள் ஓடி வந்தாள். கையில் எங்கள் பெட்டி.

"சித்தி! நான் கடைசித் தீவுத் துறைக்கு வந்துட்டேன்! இனி இறங்கணும், அவ்வளவுதான். ஆனா கிளாஸ்ல யாருமே நம்ப மாட்டேங்குறாங்க. அணைச்சா அழிஞ்சிடும், நீ புளுகுறேன்னு சொல்றாங்க. என்னை ஆட்டத்துக்கே சேர்த்துக்கிறதில்ல."

வாங்கி அணைத்தேன். மறுபடி போட்டேன். கடைசித் துறையில் படகு கட்டியபடியே நின்றது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். சரி, பொன்னாகவே இருக்கட்டும். ஊரான் வீட்டுக் குஞ்சுகள் என்ன தகரமா? எந்தப் பிள்ளையும் முடிக்காது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவள், தன் பிள்ளை முடிக்கட்டும் என்று சிப் வைத்திருக்கிறாள்!

அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள், சொல்லாதே என்று. அந்தக் கண் அசைவை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

"நீ புளுகலடா கண்ணு," என்றேன். "அவங்களும் புளுகல. உன் பெட்டியில மட்டும் உங்கம்மா ஒரு சிப்பு வெச்சுக் குடுத்திருக்கா. அவங்க பெட்டியில அது இல்ல. வேணும்னேதான் வெக்கல."

"எனக்கு மட்டுமா?" குழந்தை அம்மாவைப் பார்த்தாள். "ஏம்மா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "பெத்த பொண்ணு முன்னாடியே என்னைக் காட்டிக் குடுத்துட்டியேடி, பாவி," என்றாள். கண்ணில் நிஜமான கண்ணீர். துரோகம் செய்தவள் நான் என்றே அவள் நம்பினாள்.

சின்னவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, "எனக்கு வேணாம்," என்று உள்ளே போய்விட்டாள். என் விளையாட்டை முடித்திருக்கக்கூடிய ஒரே பிள்ளை அவள்தான்.